அவித்த மாவில் மண்டாசி

மண்டாசி சுடத் தெரியும் என்று நான் சொன்னது பச்சைப் பொய். எனக்குத் தேநீர் போடத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும், மனைவி சமைத்து வைத்த கறியைச் சூடாக்கத் தெரியும். அதற்கு மேல் குசினியில் எனக்கு அலுவல் இல்லை என்று முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். அப்படிப்பட்டவன் ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு, ஒரு பஸ் சாரதியின் முகத்தைப் பார்த்து, "உன் அம்மா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சுட்டுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

அந்தச் சாரதியின் தாயும் நானும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். பிரெஞ்சுத் தலைநகரில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல், அதன் நிலக்கீழ்த் தளத்தில் துணி அறை. அவர் கென்யாவின் கரையோரம், மொம்பாசாவில் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் வீட்டில் நாங்கள் அவரை மொம்பாசா அக்கா என்போம். நேரில் 'மதாம்' தான். அவர் என்னை 'மிஸ்யூ' என்பார். பதினொரு வருடத்தில் இரண்டு பேரும் அதைத் தாண்டவில்லை.

பெரிய கட்டில் விரிப்பைத் தனி ஆள் ஒழுங்காக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஓர் இழுவை இழுத்து, உதறி, பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். என் கையில் இருக்கும் நுனிகளை அக்கா வாங்கிக்கொள்வார், நான் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போவேன். இதை நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்தோம் என்று எண்ணியதில்லை. இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒட்டுப்போட்ட பிரெஞ்சு. பிள்ளைகள், முழங்கால் வலி, மெத்ரோ ஸ்ட்ரைக், இவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமைகளில் அவர் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மண்டாசி கொண்டு வருவார்.

மண்டாசி அவருடைய ஊர்ப் பலகாரம். கோதுமை மாவும் சீனியும் ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்டு, முக்கோணமாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. பொங்கி வரும், பிய்த்தால் உள்ளே பாதிக்கு மேல் காற்று. எங்கள் ஊர்ப் பேக்கரிப் பணிசுக்கு, அதாவது பன்னுக்கு, ஏலக்காய் போட்டுப் பொரித்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அப்படி. டப்பாவைத் திறந்ததும் அக்கா முதலாவதை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் நீட்டுவார். அதைத் தின்ற பிறகுதான் மற்றவற்றில் கை வைக்கலாம். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை. எப்படிச் சுடுவது என்றும் கேட்டதில்லை. பதினொரு வருடம் தின்றேன், அவ்வளவுதான்.

பிறகு அந்த நாள் வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். மூன்றாம் மாடிக்கு இன்னும் விரிப்பு வரவில்லை என்று மேலே இருந்து இரண்டு தரம் டெலிபோன் அடித்துவிட்டார்கள். அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலை ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் உட்காரப் போகிறேன் என்றார். எனக்கு எரிச்சல். "இந்த ஷாரியோவை முடித்துவிட்டு உட்காருங்கள், ஐந்து நிமிடம்" என்றேன். ஷாரியோ என்றால் துணி ஏற்றும் தள்ளுவண்டி. அவர் தன் பக்கத்து மூலைகளைப் பிடித்தார். நான்கு விரிப்பு மடித்தோம். ஐந்தாவதில் அவர் பக்கம் கீழே விழுந்தது. "பிடியுங்கள்" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய விரிப்பு ஒவ்வொன்றின் ஒரு நுனியையும் தண்ணீர்க் குழாயில் கட்டி, மறுநுனியை இழுத்து, கோணல்மாணலாகத் தனியாக மடித்து, அந்த வண்டியை முடித்து மேலே அனுப்பினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

இதில் என்ன கொடுமை என்றால், எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் உடனே அம்புலன்ஸைக் கூப்பிட்டதால்தான் உயிர் தப்பியது என்று டாக்டர் அக்காவின் மகனுக்குச் சொல்லியிருக்கிறார். மகன் எனக்குச் சொன்னான். ஹோட்டல் முகாமையாளர் தோளில் தட்டினார். என் மனைவி கோயிலில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். உடனேயாம். நான்கு விரிப்பு மடித்த நேரத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவால் சொல்ல முடியாது. பாராட்டு வரவர எனக்கு உள்ளுக்குள் புழுங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

மூன்று மாதம் கழித்து, வில்லியே லே பெல் என்ற புறநகருக்கு அங்கால் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு, நடை பழக்குகிற இடத்துக்கு, அக்காவை மாற்றினார்கள். அங்கே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வலது கை விழுந்துவிட்டது. அதோடு பிரெஞ்சும் போய்விட்டது. ஒரு சொல் மிச்சமில்லை. சிறு வயதில் பேசிய சுவாஹிலி மட்டும் தட்டித் தடவி வருகிறது. நான் "போன்ஜூர் மதாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருந்த ஒட்டுப்போட்ட பாஷையும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லாமல் போனது.

சாப்பிடுகிறார் இல்லை என்று மகன் நடைபாதையில் வைத்துச் சொன்னான். விழுங்குவதில் பிரச்சினை இல்லையாம், பரிசோதித்துவிட்டார்களாம். தட்டைத் தள்ளிவிடுகிறார். மெலிந்துகொண்டே போகிறார். மண்டாசி, மண்டாசி என்று மட்டும் கேட்கிறாராம். அவன் ஷாத்தோ ரூஜ் சந்தையில் மேற்கு ஆபிரிக்காக்காரர் பொரித்து விற்கும் உருண்டைகளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பிவிட்டார். அவனுக்கு அடுப்புப் பற்றவைக்கவும் தெரியாது, தாய் விட்டதில்லை. அவன் கண் கலங்கி நின்றான். அந்த நேரத்தில்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

என் மனைவி அப்போது கனடாவில். அவளுடைய தங்கையின் மகளுக்குக் கல்யாணம், ஒரு மாதத்துக்குப் போயிருந்தாள். கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. "நான் இல்லாமல் என்னத்தைச் சாப்பிடப் போறியளோ தெரியேல்லை, ஒரு மாவைக் குழைக்கத் தெரியாத மனுசன்" என்று விமான நிலையத்தில் வைத்து மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனவள். அந்தச் சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு லா ஷப்பெல் மெத்ரோவிலிருந்து நாலு நிமிட நடை, ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. என் மகள் யூனிவர்சிட்டியிலிருந்து வந்து, டெலிபோனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்துக் குசினி மேசையில் சாய்த்து வைத்தாள். அதில் ஒரு தன்சானியாப் பெண் சிரித்துக்கொண்டே மாவைப் பிசைந்தாள். ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, பத்து நிமிடம். இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அலுமாரியில் கை எட்டும் தட்டில் நீல பிஸ்கட் டின் இருந்தது. திறந்தேன், மா. மெல்லிய, அரித்த, நல்ல மா. நாலு கோப்பை போட்டேன். சீனி போட்டேன், ஏலக்காய் இடித்துப் போட்டேன். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றினேன். வீடியோப் பெண்ணின் மா ஒன்றாகத் திரண்டு ஒரு பந்தாக வந்தது. என் மா சின்னச் சின்னக் குறுணியாக உருண்டது. இன்னும் பால் விட்டேன். பெரிய குறுணியாக உருண்டது. அழுத்திப் பிசைந்தேன். அழுத்தும் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது, கையை எடுத்தால் பிளந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது புட்டு மாதிரி இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? போய்ப் படி."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரம் துணி போட்டு மூடி வைத்தேன். பொங்கவில்லை. உருட்டினேன், குதிக்கால் வெடித்ததுபோல ஓரமெல்லாம் வெடித்தது. முக்கோணமாக வெட்டியவற்றில் பாதி எண்ணெயில் இறங்கியதும் உதிர்ந்து அடியில் கருகியது. மிச்சப் பாதி கல். ஒன்றைக் கடித்தேன். பல்லுக் கட்டியவன் என்றால் அன்றே கழன்றிருக்கும். எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டிக் கட்டினேன். ஈஸ்ட் பழசு என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ரூ பெர்தொனேயில் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவர். நான் ஈஸ்ட்டையும் இரண்டு டின் தேங்காய்ப்பாலையும் ஏலக்காயையும் மேசையில் வைத்ததும் ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன அண்ணை, அக்கா கனடாவிலை எண்டு கேள்விப்பட்டன். இஞ்சை நீங்கள் பேக்கரி திறக்கிறியளோ?"

"சும்மா ஒரு பலகாரத்துக்கு."

"பலகாரத்துக்கு ஈஸ்ட் என்னத்துக்கு?"

"பொங்கிறதுக்கு."

"பொங்காட்டிச் சூடு காணாது அண்ணை. ஷொஃபாஜுக்கு மேலை வையுங்கோ. நான் பணிசுக்கு அப்பிடித்தான் வைக்கிறனான்."

அதையும் செய்தேன். புது ஈஸ்ட், புதுப் பால், அதே நீல டின். சட்டியை வெப்பமூட்டிக்கு மேல், ஜன்னல் விளிம்புக் கட்டையில் வைத்து, போர்வையும் சுற்றினேன். ஒரு மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன். மணம் வந்தது, நல்ல புளித்த மணம். மேலே இரண்டு மூன்று குமிழி வந்து உடைந்தது. அவ்வளவுதான். சட்டிக்குள் மா வைத்த இடத்திலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடித்தது. எப்படியும் பொரித்துப் பார்ப்போம் என்று அடுப்பை மூட்டினேன். எண்ணெய் கூடிக் காய்ந்து புகை கிளம்பி, எச்சரிக்கை மணி கத்தி, கீழ் வீட்டு மனுசி படியேறி வந்து கதவைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால், மகள் ஜன்னலைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

"லெஸ் தொம்பே, பாப்பா" என்றாள். விட்டுத்தள்ளுங்கள் என்று அர்த்தம். "நல்ல பத்திஸ்ரிக் கடை ஒண்டிலை ஏதும் வாங்கிக்கொண்டு போங்கோவன். அவவுக்கு விளங்கும்."

"என்ன விளங்கும்? உனக்கு என்ன விளங்கும்? உன்ரை வேலையைப் பார்."

கத்திவிட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் மேல் என்ன பிழை? அவளுக்கும்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கையோடு போனால், அக்காவுக்கு முன்னால் என் வாயில் அந்த ஒரு விஷயம்தான் இருக்கும். கையில் ஏதாவது இருந்தால் வாயைத் திறக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். அதற்காகத்தான் இந்தப் பாடு. இதை எப்படி ஒரு பிள்ளைக்குச் சொல்வது?

சனிக்கிழமை வேலையில் புதிதாக வந்த பெண்ணோடு விரிப்பு மடித்தேன். ஏஜென்சி அனுப்பிய பெண், நல்ல பிள்ளை. ஆனால் நான் இழுக்கும்போது அவள் விடுவாள், நான் விடும்போது இழுப்பாள். பத்து மணிக்கு அவள் ஒரு பிஸ்கட் பைக்கற்றை நீட்டினாள். வேண்டாம் என்றேன். என் மேசை லாச்சியில் அக்காவின் ஐஸ்கிரீம் டப்பா கிடந்தது. அவர் விழுந்ததற்கு முந்தின சனிக்கிழமை கழுவித் தருகிறேன் என்று வாங்கி வைத்தது. மூன்று மாதமாக அதை வெளியே எடுக்காமல் பூட்டித் திறந்துகொண்டிருந்தேன். அன்று எடுத்துப் பைக்குள் போட்டேன்.

பின்னேரம் மூன்றாம் தரம். இந்த முறை பிசைந்தே தீருவது என்று அரை மணி நேரம் பிசைந்தேன். மணிக்கட்டு வலித்தது. முட்டை ஒன்றை உடைத்து ஊற்றினேன், வீடியோவில் இல்லாத வேலை. மா இன்னும் பிளந்தது. அந்தச் சட்டியைத் தூக்கி ஜன்னலால் எறிந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, மகளின் டெலிபோனில் மனைவி. மகள் பேசியபடியே குசினிக்குள் வந்து, "அம்மா, ரெகார்த், இஞ்சை பாருங்கோ" என்று டெலிபோனை என் பக்கம் திருப்பிவிட்டாள். முதல் நாள் கத்தியதற்குப் பழி என்று வைத்துக்கொள்ளலாம்.

திரையில் மனைவியின் முகம். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

"என்னப்பா இது, முகமெல்லாம் மா?"

சொன்னேன். மொம்பாசா அக்காவுக்கு மண்டாசி, பொங்குதில்லை, மூன்று நாள். மற்றதைச் சொல்லவில்லை.

"ஈஸ்ட் போட்டனியளோ?"

"போட்டன்."

"எந்த டின்னிலை மா எடுத்தனியள்?"

"நீல டின்."

திரையில் அவள் முகம் அசையவில்லை. படம்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சிரிப்பு வெடித்தது. அவள் டெலிபோனைத் தூரப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள்.

"அது அவிச்ச கோதுமை மாவப்பா. புட்டுக்கும் இடியப்பத்துக்கும். அதை மூண்டு நாளில்லை, மூண்டு வருசம் குழைச்சாலும் இழுபடாது, பொங்காது. பச்சை மா மேல் தட்டிலை, சிவப்பு டின்னிலை கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையளிலை நான் மாவைச் சீலையிலை கட்டி அவிச்சு, சூட்டோடை அரிச்சு வைக்கிறது ஒருநாளும் உங்கடை கண்ணிலை படேல்லையோ?"

பட்டிருக்கிறது. முப்பது வருடம் பட்டிருக்கிறது. நீராவி வருவதும், அரிதட்டுச் சத்தமும், கண்ணாடி ஜன்னல் புகைந்து கிடப்பதும் எல்லாம் தெரியும். அது எதற்கு என்று கேட்கவில்லை. புட்டு வந்தது, தின்றேன். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

மனைவி சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அந்த மனுசிக்காகக் குசினிக்குள்ளை போயிருக்கிறியள், நல்ல விஷயம். அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி அது செத்துப் போயிருக்கும்."

நான் டெலிபோனை மகளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழும்பிச் சிவப்பு டின்னை இறக்கினேன். ஊற்றிய பாலிலேயே மா திரண்டது. பத்து நிமிடம் பிசைந்தேன், பந்தாக வந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன், இழுபட்டது. சந்தோஷம் வரும் என்று பார்த்தால் ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா மூன்று நாள்? இரண்டு மணி நேரத்தில் சட்டி விளிம்பு வரைக்கும் பொங்கி நின்றது. எண்ணெயில் போட்டதும் ஒவ்வொன்றாக வயிறு ஊதித் தானாகப் புரண்டது. முதல் நாலைக் கருக்கினேன். அடுத்த பன்னிரண்டும் பார்க்கும்படி வந்தன. மகள் தூக்கக் கண்ணோடு வந்து ஒன்றைத் தின்றுவிட்டு, "பா மால்" என்றாள். பரவாயில்லையாம். பிறகு இன்னொன்றை எடுத்தாள். வெள்ளிக்கிழமை கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

பத்தை அக்காவின் டப்பாவில் அடுக்கி, மேலே ஒரு கைத்துவாய் போட்டு, கார் து நோர் ஸ்டேஷன் வரை நடந்து ஆர்.ஈ.ஆர். டி ரயில் எடுத்தேன். வில்லியே லே பெல்லில் இறங்கிப் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி யாரும் நோயாளி பார்க்கப் போகக்கூடாது. டப்பாவின் சூடு பைக்குள்ளால் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டு, சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

அக்கா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. மகன் கட்டில் விளிம்பில் இருந்தவன் எழுந்து, "தொந்தோன், வந்துவிட்டீர்களா" என்று என் கன்னத்தோடு கன்னம் வைத்தான். தொந்தோன் என்றால் மாமா. நான் டப்பாவை அக்காவின் சாப்பாட்டுத் தட்டில் வைத்தேன். தன்னுடைய டப்பா என்று அவருக்கு உடனே தெரிந்தது. இடது கையால் துவாயைத் தள்ளினார். ஒன்றை எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார், விரலால் அமத்திப் பார்த்தார்.

அவர் சாப்பிடவில்லை. மண்டாசியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசத் தொடங்கினார். ஒரு சொல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சொல். நெற்றி சுருங்கியது. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். திட்டுகிறார், அந்த நாளைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மகன் சிரித்தான்.

"என்ன கேட்கிறார் தெரியுமா? அந்த ஷாரியோ முடிந்ததா என்று கேட்கிறார்." பிறகு என்னிடம் திரும்பினான். "எந்த ஷாரியோ, தொந்தோன்?"

மூன்று மாதமாக யாரும் கேட்காத கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏதோ பழைய ஞாபகம் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக.

"முடிந்தது என்று சொல்" என்றேன். "நான்தான் தனியாக முடித்தேன், அன்றைக்கே. இன்னொன்றும் சொல். தலை சரியில்லை, உட்காரப் போகிறேன் என்று உன் அம்மா சொன்னார். நான் விடவில்லை. வண்டியை முடித்துவிட்டு உட்காருங்கள் என்றேன். அதற்குப் பிறகு நான்கு விரிப்பு மடித்தோம். நான் உடனே கூப்பிடவில்லை. ஐந்தாவது விழுந்தபோது கத்தினேன். பிறகுதான் கூப்பிட்டேன். மன்னித்துக்கொள்ளச் சொல்."

என் பிரெஞ்சு அவ்வளவுதான். அதில் இலக்கணம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அவனுக்கு விளங்கியது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தான். வெளியே போ என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னால் போயிருப்பேன். அவன் குனிந்து தாயின் காதருகே சுவாஹிலியில் ஏதோ சொன்னான். நான் சொன்னது நீளம். அவன் சொன்னது நாலைந்து சொற்கள்தான் இருக்கும்.

அக்கா கேட்டுக்கொண்டு தலையை ஒரு தரம் ஆட்டினார். பிறகு கையிலிருந்த மண்டாசியைப் பிய்க்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. தட்டின் விளிம்பில் வைத்து அமத்தினார், நசுங்கியதே தவிரப் பிய்ந்து வரவில்லை. மகன் உதவிக்குக் கையை நீட்டினான். அவர் அவனுடைய கையைத் தட்டிவிட்டு, ஒரு நுனியைத் தன் விரல்களில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுநுனியை என் பக்கம் நீட்டினார்.

நான் பிடித்தேன். அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். மா கொஞ்சம் நீண்டு கொடுத்து, பிறகு இரண்டாகப் பிய்ந்தது. அவர் தன் பாதியை வாயில் வைத்து மென்றார். நான் தின்கிறேனா என்று பார்த்தார். நானும் தின்றேன். சீனி குறைவாக இருந்தது. அவர் அதை முடித்துவிட்டு டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். மகன் முன்புபோலக் கன்னத்தோடு கன்னம் வைக்கிறதில்லை, கைதான் கொடுக்கிறான். அன்று அவன் தாயின் காதில் நான் சொன்னதையா சொன்னான், வண்டி முடிந்தது என்று மட்டும்தான் சொன்னானா, எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தரமும் பஸ் ஏறுகிறேன். இன்னும் கேட்கவில்லை.